நாலாம் இலக்க வீட்டின் இரும்புப் படி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியதும் நான்தான். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் சொன்னால் மறைத்துவிட்டேன் என்பீர்கள்.

சென்ற மார்ச் மாதம் ஒரு ஞாயிறு பத்திரிகைக்காகத் துண்டுக்கப்பல் ஒழுங்கையைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். (அந்தப் பெயரை வரைபடத்தில் தேட வேண்டாம். பெயர் நான் வைத்தது. திருகோணமலையில், உள்துறைமுகத்தை அண்டிய ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, என்பதோடு விட்டுவிடுங்கள்.) ஒரு பக்கம் ஆறு வீடுகள், மறுபக்கம் நீளச் சுவர். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது வேலை இழந்த ஆறு தொழிலாளிகள், உடைத்துப் போட்ட கப்பல்களின் துண்டுகளைப் பொறுக்கி வந்து தங்கள் கையாலேயே கட்டிய வீடுகள் அவை. யன்னல்கள் வட்டமானவை. ஒரு வீட்டின் கூரை கவிழ்த்து வைத்த வள்ளம்போல வளைந்திருக்கும். ஆறு வீட்டுக்கும் கப்பல் கதவுதான் வாசற்கதவு. கப்பலில் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க வைப்பார்களே, அதேபோல் கதவுச் சட்டத்தோடு சேர்ந்து, நிலத்திலிருந்து பதினான்கு அங்குல உயரத்துக்கு ஓர் இரும்புப் படி நிற்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போகலாம்.

கட்டுரையில் அந்தப் படியைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: ‘இதன் மேலாகக் காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொருவரும் ஒரு கணம் மாலுமி ஆகிறார்கள்.’

நல்ல வசனம் என்று பலர் சொன்னார்கள். பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

“கீர்த்தனி மிஸ்தானே? நீங்கதானே எங்கட வாசப்படியைப் பத்தி எழுதின?”

“ஓம்.”

“நான் நாலாம் நம்பர் வீட்டு சுஹைரா. ஒருக்கா வந்து என்ட மாலுமியைப் பாத்திட்டுப் போங்க.”

2

தொடக்கம் ஒன்று: ‘துறைமுகத்தின் நீலம் மெல்லக் கரைந்து ஒழுங்கைக்குள் வழிந்த ஒரு காலைப்பொழுதில்’

வேண்டாம். திரும்பவும் அதே புத்தி.

தொடக்கம் இரண்டு: ‘1961ஆம் ஆண்டு மீராலெவ்வை என்ற வெல்டர், சங்கிலியில் கட்டி இழுத்து வந்த ஓர் இரும்புக் கதவை’

மீராலெவ்வை சுஹைராவின் வாப்பா. நல்ல மனிதர், கெட்டிக்காரர், காலமாகி இருபது வருடம். கதை அவரிடம் போனால் திரும்பி வராது. நான் எழுத வேண்டியது அவருடைய மகளைப் பற்றி.

தொடக்கம் மூன்று: சுஹைராவின் கணவர் லாபிர் ஏழு மாதமாகத் தன் காலால் ஒழுங்கையை மிதிக்கவில்லை.

இது இருக்கட்டும்.

லாபிர் இருபத்திரண்டு வருடம் கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டியவர். ஒரு மத்தியானம் பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கழற்றப் போனார். வலது கை சாவிக்குப் போனது. இடது கை அசையாமல் மடியிலேயே கிடந்தது. பாரிசவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் வைத்திருந்து, சக்கரம் வைத்த ஒரு சில்லுக் கதிரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நாலு பேர் கதிரையோடு தூக்கி, படிக்கு மேலாக அவரை உள்ளே இறக்கி வைத்தார்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு அதேபோல் தூக்கி வெளியே, தூக்கி உள்ளே. தூக்கும்போது லாபிர் கண்ணை மூடிக்கொள்வார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் தூக்கிப் போக ஆட்கள் வந்தார்கள். இரண்டு கிழமை போனார். மூன்றாம் கிழமை, “என்னை ஒரு அலுமாரி மாதிரித் தூக்கித் திரிய வேணாம்” என்று சொல்லிவிட்டார்.

சுஹைராவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் முடித்ததும் இந்த வீட்டில்தான். வீடும் அவள் பெயரில்தான். நடக்கப் பழகும்போதே காலைத் தூக்கி வைக்கவும் பழகியவள். இப்போதும் பாடசாலையில் எந்த வாசலைக் கடந்தாலும் இல்லாத படிக்கு ஒரு காலைத் தூக்குவாள். பிள்ளைகள் பின்னால் சிரிப்பார்கள்.

(அவளை ‘அவள்’ என்று எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “எழுதுங்க மிஸ். இவரும் அவர், நானும் அவர் எண்டா வாசிக்கிற ஆக்கள் குழம்பிப் போயிருவாங்க” என்றாள்.)

(இன்னொரு குறிப்பு. சாய்தளம் ஒன்று போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதினான்கு அங்குலம் ஏறி இறங்க, கதிரை கவிழாமல் போக வேண்டுமானால் உள்ளே பதினான்கு அடி, வெளியே பதினான்கு அடி வேண்டும். முன்னறை எட்டு அடி. ஒழுங்கை பத்து அடி. பலகை போட்டு ஒருமுறை பார்த்தார்களாம். கதிரை வழுக்கிப் போய் எதிர்ச் சுவரில் இடித்தது. பின்வாசல் இல்லை. சமைக்கும் குசினிக்குப் பின்னால் பாறை.)

3

சுஹைரா என்னை அழைத்தது தேத்தண்ணி தருவதற்கு மட்டும் அல்ல.

“நீங்க இன்னொரு கட்டுரை எழுதோணும் மிஸ். அந்தப் படி அப்படி ஒண்டும் பெரிய விசயம் இல்லை எண்டு.”

ஏன் என்று கேட்டேன். அவள் அலுமாரிக்குள் இருந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்துத் தந்தாள்.

வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்று இரண்டு வருடமாகக் கதை. ஒவ்வொரு வீட்டின் முன்சுவரிலும் எட்டு அடி உள்ளே வரும் என்று சிவப்பு மையில் அடையாளம் போட்டிருந்தார்கள். பாறைக்கும் வீதிக்கும் இடையில் ஒடுங்கி நிற்கும் வீடுகள். முன்னால் எட்டு அடி போனால் மிச்சம் குசினியும் ஒரு கட்டில் போடும் இடமும்தான். தப்ப ஒரே வழி, மரபுரிமை ஒழுங்கை என்று பதிவு செய்வது. அதற்காகக் கொழும்பில் உள்ள ஒரு குழுவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். என் கட்டுரையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பப்பட்டிருந்தது. குழுவின் பதிலில் இப்படி ஒரு பந்தி: ‘ஆறு வீடுகளினதும் உயர்ந்த இரும்புப் படிகள் மாற்றமின்றி இருப்பதே இந்த ஒழுங்கையின் தனிச்சிறப்பு. ஓகஸ்ட் மாதம் நாம் நேரில் பார்வையிடும் வரை அவற்றில் எந்த மாற்றமும் செய்யலாகாது.’ சம்மதம் என்று கீழே ஆறு வீட்டுக்காரர்களின் கையொப்பம். நாலாவது, சுஹைராவுடையது.

ஒரு படியை வெட்டினால் ஆறு வீடும் போகும்.

நான் இரண்டாவது கட்டுரை எழுதினேன். பத்திரிகை ஆசிரியர், “ஒரே ஒழுங்கையைப் பற்றி எத்தனை தரம் போடுறது” என்றார். அது அவருடைய மேசையிலேயே கிடந்தது.

4

இப்போது ஆனந்தராசா.

இரண்டாம் இலக்க வீட்டுக்காரர். வயது எழுபத்தொன்று. அளவுப் படம் கீறும் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தை எழுதியதும், கையொப்பம் வாங்கியதும், கொழும்புக்கு ஐந்து தரம் பஸ் ஏறிப் போனதும் அவர்தான். படியை வெட்டக்கூடாது என்று நின்றவரும் அவர்தான்.

முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினேன். மெல்லிய உதடுகளும், கதவிடுக்கால் பார்க்கும் பழக்கமும் கொடுத்தேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. அவர் ‘சட்டம் சட்டம்’ என்று சொல்லிக்கொண்டு வர, சுஹைரா கண்கலங்க, நான் சுஹைராவின் பக்கம் நின்றுகொள்ள…

அதை நிறுத்தினேன். மாதாமாதம் லாபிரைத் தூக்கும் நாலு பேரில் ஒருவர் ஆனந்தராசா என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. எழுபத்தொரு வயதில், இடது பின்சில்லுப் பக்கம். தூக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி, ஒன்றும் நடக்காததுபோல லாபிரிடம் பஸ் கதை கேட்டுவிட்டுப் போவாராம்.

“அண்ணை கெட்ட ஆள் இல்லை” என்றாள் சுஹைரா. “அவருக்கும் வேற வீடு இல்லை. அவர்ட மனிசி பாக்கியக்கா அந்த எட்டு அடி அறையிலதான் தையல் மெசினை வெச்சிரிக்காங்க. கெட்ட ஆளா இருந்தா நான் எப்பவோ வெட்டியிருப்பேன்.”

மெல்லிய உதடுகளை அடித்துவிட்டேன்.

ஜூன் மாதம் சுஹைரா அவரிடம் கேட்டாள். அவர் சொன்னது: “ஓகஸ்ட் மட்டும் பொறுங்கோ தங்கச்சி. ரெண்டு மாதம். பதிஞ்சு போட்டாங்களெண்டா பிறகு நானே குழுவோட கதைச்சு ஒரு வழி பாக்கிறன்.”

“ரெண்டு மாதம் எனக்குப் பெரிசில்லை அண்ணை” என்றாள் சுஹைரா. “உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு அது எவ்வளவு நீளம் எண்டுதான் தெரியல்ல.”

ஆனாலும் பொறுத்தாள்.

5

ஜூலை மாதத்து வியாழன். ஆய்வுகூடத்தில் போத்தல்களைக் கழுவி அடுக்கிவிட்டு, வழியில் பாணும் வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்குச் சுஹைரா ஒழுங்கைக்குள் திரும்பினாள். தூரத்திலேயே கண்டாள். தன் வீட்டு வாசலில் லாபிர் இருந்தார். கதிரையில் அல்ல, படியின் மேல். குதிரையில் இருப்பதுபோல ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோசம். ஆள் வெளியே வந்துவிட்டாரே என்று நடையைக் கூட்டினாள். கிட்டப் போனதும்தான் முகத்தைப் பார்த்தாள். வெயில் நேரே அடித்து நெற்றி கறுத்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை கதவின் இரும்புக் கைபிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“என்ன இது? எப்ப இருந்து இரிக்கிறீங்க?”

“லுஹருக்கு பாங்கு சொல்ல முந்தி.”

மத்தியானத் தொழுகைக்கு முந்தி என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்.

“சந்தி வரைக்கும் போய் பஸ் போறதைப் பாப்பம் எண்டு நினைச்சேன்” என்றார் லாபிர். “கதிரையில இருந்து இதில மாறிட்டேன். ஒரு காலை வெளிய வெச்சேன். மத்ததை எடுக்க ஏலாமப் போச்சு. வெளிய வெச்சதைத் திரும்ப உள்ளுக்கு எடுக்கவும் ஏலாது. கையை விட்டா விழுந்திருவேன்.”

“சத்தம் போட்டிருக்கலாமே! ஒழுங்கையில ஒருத்தரும் போகல்லயா?”

“ஆனந்தராசா அண்ணை போனார். ‘காத்து வாங்குறீரோ’ எண்டு கேட்டார். ஓம் எண்டேன்.”

“ஏன் ஓம் எண்டீங்க?”

லாபிர் வீட்டுக்குள் கிடந்த தன் இடது காலைப் பார்த்தார். “வேற என்னெண்டு சொல்ற?”

(இந்த இடத்தில் ஓர் உவமை எழுதி அடித்திருக்கிறேன். கப்பலும் கரையும் அதில் வந்தன. உங்களுக்கே தோன்றியிருக்கும், தோன்றியிருந்தால் நீங்களும் அடித்துவிடுங்கள்.)

சுஹைரா பாணை நிலத்தில் வைத்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது: வெளியே இருந்த காலைத் தூக்கி உள்ளே விடலாம், உள்ளே இருந்த காலைத் தூக்கி வெளியே விடலாம். முதலாவது சுலபம். கதிரை உள்ளேதான் நின்றது. அவள் படியைத் தாண்டிப் போய், குனிந்து, செயலற்ற அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தி, படிக்கு மேலாகக் கொண்டுவந்து ஒழுங்கை மண்ணில் வைத்தாள். பிறகு தானும் பக்கத்தில் இருந்து, தோளால் அவரை முட்டுக்கொடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். மூன்று மணி வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

பின்னேரம் ஆனந்தராசா வீட்டுக்குப் போனாள். அவர் விண்ணப்பக் கோப்பை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“அண்ணை, நாளைக்குப் படியை வெட்டப் போறேன். உங்களிட்டச் சொல்லிப்போட்டு வெட்டோணும் எண்டு வந்தேன். கேட்க வரல்ல.”

“தங்கச்சி, இன்னும் ஒரு மாதம்தானே…”

“இண்டைக்கு மத்தியானம் நீங்க கண்ட நேரம் அவர் காத்து வாங்கல்ல அண்ணை. உள்ளயும் போக ஏலாம வெளியயும் வர ஏலாம இருந்தவர்.”

உள்ளே தையல் மெசினின் சத்தம் நின்றது. அவருடைய மனைவி பாக்கியரத்தினம் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“கடைக்குப் போட்டுத் திரும்பி வரேக்கையும் அந்தாள் அதிலதான் இருந்தவர் எண்டு சொன்னனீங்கள் என்ன?”

ஆனந்தராசா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஓம்” என்றார். “ரெண்டு தரம் கண்டனான். ரெண்டு தரமும் சிரிச்சுப்போட்டுப் போனனான்.”

6

அடுத்த நாள் காலை லிங்கநகரில் இருந்து தனஞ்சயன் என்ற வெல்டர், இரும்பு வெட்டும் கிரைண்டரோடு வந்தான். அவனுக்கு முன்னால் ஆனந்தராசா வந்து நின்றார், அளவு நாடாவும் வரைபலகையும் பென்சிலுமாக.

சுஹைரா, தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

“வெட்டுறதெண்டா ஒழுங்கா வெட்டோணும்” என்றார் அவர். “முதல்ல நான் இதை அப்பிடியே அளவோட கீறி எடுக்கிறன். அதுக்குப் பிறகு வெட்டுற கோட்டையும் நானே போட்டுத் தாறன். கோணல் விழுந்தால் சில்லு இடறும்.”

ஒன்றரை மணித்தியாலம் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து கீறினார். மீராலெவ்வை ஒட்டிய ஒவ்வொரு ஒட்டையும், ஒவ்வொரு ஆணித் தலையையும். பிறகு படியின் அடியில், நிலத்தோடு நிலமாக, வெள்ளைக் கோடு ஒன்று போட்டார்.

கிரைண்டர் சத்தத்துக்கு ஒழுங்கை முழுவதும் கூடியது. ஆறாம் இலக்க வீட்டு நஜ்முன் நிஸா, தலையில் போட்ட முக்காடு சரியச் சரிய ஓடி வந்தாள்.

“நீங்க உங்கட படியை மட்டும் வெட்டல்ல சுஹைரா. என்ட வீட்டையும் சேத்துத்தான் வெட்டுறீங்க. எனக்கும் மூணு பிள்ளைகள் இரிக்கி.”

நஜ்முன் நிஸா சொன்னது பொய் இல்லை. (நல்ல கதையில் இந்த இடத்தில் நஜ்முன் நிஸா மனம் மாறி, ஒரு கை கொடுப்பாள். அவள் கொடுக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் சுஹைராவோடு கதைக்கவும் இல்லை.)

வாப்பாவின் வேலையை வெட்டும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் ஒன்று இருந்தது. அவள் தந்தது வேறு.

“நல்லா ஒட்டியிருக்கார் எண்டு நினைச்சேன். தனஞ்சயன் தம்பி மூணு வெட்டுத் தகடு மாத்திட்டான்.”

பத்தரை மணிக்குத் துண்டு கழன்று விழுந்தது. சுஹைரா ஈரத் துணியால் இரும்புத் தூளைத் துடைத்தாள். விளிம்பை அரத்தால் ராவினாள். மாரி மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் ஒரு றப்பர் பட்டி ஒட்ட வேண்டும் என்று கடதாசியில் எழுதி வைத்தாள். பிறகு உள்ளே திரும்பி, “வாங்க” என்றாள்.

லாபிர் வலது கையால் சில்லையும் வலது காலால் நிலத்தையும் தள்ளித் தள்ளி வந்தார். வாசலில் ஒருமுறை நின்றார். தள்ளினார். ஒழுங்கைக்கு வந்துவிட்டார். கண்ணை மூடவில்லை.

7

ஓகஸ்டில் குழு வந்தது. மூன்று பேர். ஐந்து வீட்டுப் படிகளைப் படம் எடுத்துவிட்டு நாலாம் இலக்கத்துக்கு முன்னால் நின்றார்கள். தலைமை தாங்கி வந்த அம்மா, ஆனந்தராசாவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

“இது யார் கீறினது?”

“நான்.”

“வெட்டினது?”

“நான்” என்றாள் சுஹைரா.

“ஏன்?”

“போய்வரத்தான்.”

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டு போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரியாமல் நான் மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில், ஒழுங்கை பதிவாகிறது. நஜ்முன் நிஸா வட்டிலப்பம் கொண்டு வருகிறாள். இரண்டாவதில், விண்ணப்பம் தள்ளுபடி. முன்சுவர்களில் சிவப்பு மையைப் புதுப்பிக்கிறார்கள். மூன்றாவது எனக்குப் பிடித்தது: ஐந்து வீடுகள் பதிவாகின்றன, நாலாம் இலக்கம் மட்டும் விடுபடுகிறது. சுஹைரா கடிதத்தை லாபிருக்கு வாசித்துக் காட்ட, அவர் யன்னல் வழியாக…

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுஹைராவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் ஆறுதலாக வாசித்தாள்.

“மூணிலயும் இவர் வீட்டுக்குள்ளதான் இரிக்கிறார் மிஸ்” என்றாள்.

நான் திரும்ப வாசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

அந்த நேரம்தான் ஆனந்தராசா ஒரு மண்ணிற உறையோடு வந்தார். கொழும்புக் கடிதம். காலையில் வந்ததாம். தான் தனியே உடைக்கக்கூடாது, கையொப்பம் வைத்த எல்லோரும் இருக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். முன்னறை நிறைந்தது. நஜ்முன் நிஸாவும் வந்தாள். கதிரையில் இருக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஆனந்தராசா உறையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“கொஞ்சம் பொறுங்க அண்ணை” என்றார் லாபிர். “நான் சலூனுக்குப் போயிட்டு வாறேன். வந்த பிறகு உடைப்பம்.”

“தம்பி, இது ரெண்டு நிமிச வேலை.”

“தாடியும் ரெண்டு நிமிச வேலைதான்.”

சொல்லிக்கொண்டே கதிரையைத் திருப்பினார். ஒருவரும் எழும்பவில்லை, எழும்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

காத்திருந்தோம். சுஹைரா தேத்தண்ணி ஊற்றினாள். முக்கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம் ஊற்றினாள். ஆனந்தராசா உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். “உடைச்சுப் பாருங்களே, ஆள் வந்தாச் சொல்லலாம்தானே” என்றாள் நஜ்முன் நிஸா. பாக்கியரத்தினம், “அந்தாள்தானே எங்கடை கையெழுத்துகளால இவ்வளவு நாளும் உள்ளுக்கு அடைபட்டுக் கிடந்தது, வரட்டும்” என்றார்.

சுஹைரா சலூனுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

“அரை மணித்தியாலத்துக்கு முந்தியே தாடி எடுத்து முடிஞ்சதாம். போயிட்டாராம்.”

“எங்கை?” என்று கேட்டார் ஆனந்தராசா.

“தெரியல்ல” என்றாள் சுஹைரா. அவள் வேறு எவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எத்தனையோ மாதமாக, அவர் எங்கே என்று தெரியாத ஒரு நிமிடம்கூட அவளுக்கு இருந்ததில்லை.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னது. எனக்குப் பொழுதுபட முதல் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் எழும்பும்போது உறை மேசையில், சீனிப் பேணிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவும் இல்லை, அழைத்துக் கேட்கவும் இல்லை. இதை எழுதி முடிக்கும்வரை கேட்பதில்லை என்று இருக்கிறேன்.

என்னுடைய மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். உறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நஜ்முன் நிஸாவின் மூன்று பிள்ளைகளையும் பாக்கியரத்தினத்தின் தையல் மெசினையும் யோசித்துத் தீர்மானியுங்கள். ஆனால் அவசரப்பட்டு உடைத்துவிட வேண்டாம். லாபிர் இன்னும் வரவில்லை.